மீதி ஐநூறு ஜிபி

— அதெல்லாம் எனக்குத் தெரியாது கீதா. வூட்டு நெட்டு ஆயிரம் ஜிபியும் தீந்து போச்சுன்னு போன மாசம் இருவத்திமூணாந் தேதியே மெசேஜ் வந்துருச்சு. அதுக்கு முந்துன மாசமும் இதே கததான். சிங்கப்பூர்ல வெயில்ல நின்னு கம்பி கட்டுறவன் போனுக்கு வருது, செந்துறை வூட்டுக்குள்ள ஒக்காந்துருக்கறவளுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

— ம்ம். மேல சொல்லுங்க மாமா.

— நீ சொல்லு. பதில் சொல்ல வேண்டியவ நீதான். யாருகிட்ட அப்புடிப் பேசுற?

— இப்ப ஒங்ககிட்ட பேசுறேன். சாயந்தரம் டியூசன் புள்ளைங்ககிட்ட பேசுவேன். நடுவுல வெறகுக்காரன் வந்தா அவன்கிட்ட பேசுவேன்.

— நக்கல் பண்ணாத. "ஒம் பொண்டாட்டி எந்நேரமும் போனும் கையுமாத்தான் கெடக்குறா"ன்னு எங்க அம்மாவே சொல்லுது.

— ஒங்க அம்மா எனக்கும் அத்தைதான். எங்க அப்பா கூடப் பொறந்தவங்க. அத எம்மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. நான் டீச்சர் பரிச்சைக்கு போன்லதான் படிக்கிறேன்னு அவங்களுக்குப் புரியாது. ஒங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்.

— ஆயிரம் ஜிபிக்குப் பரிச்சையா? எவனாவது நம்புவானா?

— சரி, வரிசையா வருவோம். ஒரு மணி நேரம் வீடியோ கால் பேசுனா எவ்வளவு ஆவும்?

— ஒரு ஜிபி ஆவும்ங்கறாங்க.

— அப்ப ஆயிரம் ஜிபிக்கு ஆயிரம் மணி நேரம் பேசணும். ஒரு மாசத்துக்கு மொத்தமே எழுநூத்திச் சொச்சம் மணி நேரந்தான் மாமா. தூங்காம, திங்காம, கக்கூசுக்குப் போவாமப் பேசுனாலும் பத்தாது. அடுத்த மாசத்துலேர்ந்து கைமாத்து வாங்கித்தான் பேசணும்.

— அது கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம பெரியப்பாவும் சித்தப்பாவும் மீன்சுருட்டிக்கு, ஒங்க அப்பா வூட்டுக்கு வர்றாங்க. ஒங்க அப்பா முன்னால ஒக்காந்து பேசட்டும். நீ போனக் குடுத்துரணும், டியூசன நிறுத்திரணும், பரிச்சையும் வேணாம். முடியாதுன்னா அங்கயே இருந்துக்க.

— அங்கயே இருந்துக்கன்னா?

— இருந்துக்கன்னா இருந்துக்கதான்.

— நாலு பேரு முன்னால எங்க அப்பாவ ஒக்கார வெச்சு, ஒம் பொண்ணு நடத்த சரியில்லன்னு சொல்லிட்டு, என்னய அங்க வுட்டுட்டு வந்துருவாங்க. அதானே? அவரு ஒங்களுக்குத் தாய்மாமன். ஒங்க காது குத்துக்கு மடியில ஒக்கார வெச்சுக்கிட்டவரு.

— அதனாலதான் மொதல்ல ஒங்கிட்ட கேக்குறேன். ஒத்துக்க. பேச்சு நம்ம ரெண்டு பேரோட போயிரும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

— செய்யாதத எப்புடி ஒத்துக்கறது?

— செய்யலயா? இரு. கம்பெனி ஆப்பத் தொறந்துதான் வெச்சுருக்கேன். இந்த நிமிஷம் மேல போறது நாலுன்னு காட்டுது. செகண்டுக்கு நாலு எம்பி நம்ம வூட்லேர்ந்து வெளிய போவுது. என்னத்தடி அனுப்புற?

— அந்த "டி"ய எடுத்துட்டுக் கேளுங்க, சொல்றேன்.

— சரி. என்னத்த அனுப்புற?

— அது நாலு எம்பி இல்ல. நாலுக்குப் பக்கத்துல என்ன போட்டுருக்குன்னு படிங்க.

— எம்பிபிஎஸ்.

— அது டாக்டர் படிப்பு இல்ல, வேகம். லைன்ல ஓடுற வேகத்த பிட்டுல சொல்லுவாங்க. ஓடி முடிஞ்சத பைட்டுல சொல்லுவாங்க. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. முந்திரிக்கொட்டைய எட்டு எட்டாப் பொட்டலம் கட்டுறதா வெச்சுக்கங்க. ஒங்க ஆப்பு கொட்டைய எண்ணுது. ஆயிரம் தீந்துச்சுன்னு மெசேஜ் அனுப்புறவன் பொட்டலத்த எண்ணுறான். நீங்க கொட்டையப் பாத்துட்டு அத்தனையும் பொட்டலம்னு சண்டைக்கு வர்றீங்க.

— இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அந்த நெட்டு லைன்மேனா?

— பத்தாவது புள்ளைங்களுக்கு நாந்தாங்க சொல்லிக் குடுக்குறேன்.

— உத்திராபதி நேத்து வந்துட்டுப் போனான்ல?

— வந்தான். நாந்தான் கூப்ட்டேன், லைன்ல ஏதாவது கோளாறான்னு பாக்க. இப்பத்தான் ஒங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எப்புடித் தெரிஞ்சுது?

— அம்மா சொல்லுச்சு.

— அத்தை முந்தாநேத்தே வேப்பந்தட்டைக்கு சாவு வூட்டுக்குப் போயிட்டாங்க. நாளைக்குத்தான் வருவாங்க. அவங்க பட்டன் போனும் இங்கதான் அலமாரில கெடக்கு.

— அப்ப வேற யாரோ சொன்னாங்க. ஊர்ல ஆளா இல்ல? சொல்லுவாங்க.

— ம்ம். சொல்லுவாங்க.

— என்ன ம்ம்? அந்த உத்திராபதி என்ன சொன்னான்?

— லைன் நல்லாத்தான் இருக்கு, யாரோ ஒங்க வைபைய வெளியிலேர்ந்து இழுக்குறாங்க, பாஸ்வேர்ட மாத்திப் பாருங்கன்னான். அதத்தான் போன வாரமே கேட்டேன் ஒங்ககிட்ட. மாத்தணும்னா ஓடிபி ஒங்க நம்பருக்குத்தான் வருது. குடுத்தீங்களா?

— வேலையில இருந்தேன்.

— மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் வேலையிலயா? நாலாந் தடவ "பாஸ்வேர்டுல கை வெக்காத"ன்னீங்க. திருடன் பூந்துட்டான்னு நெனைக்கிறவரு பூட்ட மாத்த வேணாம்னு சொல்லுவாரா?

— நீ பேச்ச மாத்தாத. திருடன் வெளிய இல்ல, உள்ளதான் இருக்கான்னு தெரிஞ்சுதான் வேணாம்னேன். ஆயிரத்துல ஐநூறுக்கு என்கிட்ட கணக்கு இருக்கு. மீதி ஐநூறு எங்க போவுது? அத நீ சொல்லு.

— ஐநூறுக்கு ஒங்ககிட்ட கணக்கு இருக்கா?

— இருக்கு.

— என்ன கணக்கு?

— அது... டிவி. அம்மா சீரியல் பாக்குதுல்ல.

— டிவி கீழ எறங்குறது மாமா. வெளியிலேர்ந்து வூட்டுக்குள்ள வர்றது. நம்ம பேசிக்கிட்டு இருக்கறது மேல ஏறுறதப் பத்தி. வூட்டுக்குள்ளேர்ந்து வெளிய போறது. அதுல ஐநூறுக்கு ஒங்களுக்கு எப்புடிக் கணக்கு தெரியும்?

— ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்.

— குத்துமதிப்பா நானூறுன்னு சொல்லல, அறுநூறுன்னு சொல்லல.

— கீதா, எனக்கு சாப்பாட்டு நேரம் முடியப் போவுது. வாத்தியாரம்மா வேலையெல்லாம் புள்ளைங்ககிட்ட வெச்சுக்க.

— இன்னொண்ணு கேக்கட்டா? முன்னெல்லாம் தெனமும் வீடியோ கால்லதான் வருவீங்க. மொகத்தப் பாக்கணும், கொல்லையக் காட்டு, கன்னுக்குட்டியக் காட்டுன்னு உசுர எடுப்பீங்க. இந்த மூணு மாசமா வெறும் பேச்சுதான். ஏன்?

— இங்க சிக்னல் கெடைக்கறதில்ல.

— சிங்கப்பூர்ல?

— நான் இருக்கற எடத்துல கெடைக்கறதில்ல. இப்ப நீ என்னய விசாரிக்கிறியா? நான் கேக்குறேன், படுக்கை ரூம்ல ஒரு மணி வரைக்கும் லைட்டு எரியுதாம். அதுக்கு என்ன பதில்?

— படிக்கிறேன். அத்தை தூங்குனதுக்கப்பறந்தான் எனக்கு நேரம். யாரு சொன்னா?

— தெருவுல போறவன் பாத்துட்டுச் சொன்னான்.

— நம்ம படுக்கை ரூமு ஜன்னல் கொல்லப் பக்கம். அதுக்கு அந்தாண்ட கெணறு. கெணத்துக்கு அந்தாண்ட நம்ம முந்திரிக் காடு. தெருவுல போறவன் கெணத்துக்குள்ளேர்ந்து எட்டிப் பாத்தானா?

— சொன்னவன் பொய் சொல்றவன் இல்ல.

— யாருன்னு சொல்லுங்களேன்.

— அது எதுக்கு ஒனக்கு? எரிஞ்சுதா இல்லயா?

— எரிஞ்சுது. அதான் எனக்கு பயமா இருக்கு. எரியலன்னா யாரோ கத கட்டுறான்னு வுட்டுருவேன்.

— பயமாம். பயப்படுற மாதிரி என்ன பண்ணுன?

— நேத்து உத்திராபதி போனதுக்கப்பறம் நான் என்ன பண்ணுனேன்னு சொல்றேன், கேளுங்க. டிவி ஒயரப் புடுங்குனேன். என் போன ஆஃப் பண்ணி அரிசி டப்பாவுல போட்டேன். புள்ளைங்க அத்தன பேரும் வூட்டுக்குப் போயாச்சு. அத்தை போன்ல நெட்டே கெடையாது. பக்கத்து வூட்டு மேகலா போன இரவல் வாங்கிட்டு வந்து, அதுல அவ நெட்டப் போட்டு, நம்ம கணக்கத் தொறந்து பாத்தேன். மேல போறது நாலு. அரை மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன் மாமா. ஏறவுமில்ல, எறங்கவுமில்ல. நாலுதான்.

— அந்த ஆப்பு ஏதாவது தப்பாக் காட்டும்.

— இப்பத்தான் அந்த ஆப்ப வெச்சு என்னய என்னத்தடி அனுப்புறன்னு கேட்டீங்க. மனுஷன் பேசுனா, படம் பாத்தா, ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் எறங்கும். இது மூச்சு வுடாம ஒரே வேகத்துல போவுது. மனுஷன் இல்ல. என்னமோ ஒரு சாமான் இந்த வூட்டுக்குள்ள ராவும் பகலும் முழிச்சுக்கிட்டு இருக்கு.

— நீயா எதையாவது நெனச்சுக்காத. ராத்திரி ஒழுங்காத் தூங்கு, எல்லாம் சரியாப் போவும். நீ எங்க இருக்க இப்ப?

— அடுப்படில. கொழம்பு கொதிக்குது.

— அடுப்படிலயா?

— ஆமாங்க. ஏன் அப்புடிக் கேக்குறீங்க?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

— சரி, ஒங்க சாப்பாட்டு நேரத்த நான் திங்கல. ஒரே ஒரு கணக்கு. அத மட்டும் நீங்களே போட்டுச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அந்த நால எட்டால வகுங்க. ஒரு நாளைக்கு எத்தன ஜிபி போவுதுன்னு பாக்கலாம்.

— இதெல்லாம் இப்ப எதுக்கு?

— எங்க அப்பா முன்னால நாலு பேர ஒக்கார வெக்கப் போறீங்கல்ல? அதுக்கு முன்னாடி ஒரு வகுத்தல் கூடப் போட மாட்டீங்களா?

— சரி, சரி. நால எட்டால வகுத்தா அரை. அரை எம்பி. ஒரு நிமிஷத்துக்கு முப்பது எம்பி. ஒரு மணிக்கு ஆயிரத்தி எண்ணூறு. ஒண்ணே முக்கா ஜிபின்னு வெச்சுக்க, கொஞ்சம் கூட. அத இருவத்திநாலால பெருக்குனா... ஏய், அப்பா போட்டோவ எதுக்கு எறக்குற? அந்த ஆணி ஆடிக்கிட்டு கெடக்கு, கண்ணாடி ஒடஞ்சுரப் போவுது.

— ...

— கீதா? ஹலோ?

— கேக்குது மாமா. நான் எங்க இருக்கேன்னு சொன்னேன்?

— அடுப்படில.

— ஒங்க அப்பா போட்டோ எங்க மாட்டியிருக்கு?

— கூடத்துல.

— இது வீடியோ காலா?

— இல்ல.

— அப்ப நான் போட்டோவ எறக்குறது சிங்கப்பூர்ல எப்புடித் தெரியுது?

— கீதா, நான் சொல்றதக் கேளு. மொதல்ல அந்தப் போட்டோவ மாட்டு.

— மாட்ட மாட்டேன். ஒங்க அப்பாவும் பாக்கட்டும். எங்க இருக்கு அது?

— கடிகாரத்துல.

— எந்தக் கடிகாரம்?

— டிவிக்குப் பக்கத்துல, செவப்பு நம்பரு எரியுதே. அதுக்குள்ள சின்னதா ஒரு கேமரா. அம்மாவுக்கு வயசாவுது, வூட்ல ஆம்பள இல்ல, ஒரு பாதுகாப்புக்குத்தான்.

— அத்தை பாதுகாப்புக்குன்னா அத்தைகிட்ட சொல்லியிருப்பீங்க. என்கிட்டயும் சொல்லியிருப்பீங்க.

— சொன்னா நீ தப்பா நெனப்பன்னுதான்.

— இப்ப நல்லவிதமா நெனச்சுக்கறேன். மூணு மாசம். எண்ணெ தேச்சுக்கிட்டு அந்தக் கூடத்துல ஒக்காந்துருக்கேன். மேலுக்கு முடியாம பாயப் போட்டுப் படுத்துருக்கேன். எனக்கு அழுக வரல மாமா, கூசுது. ஒடம்பெல்லாம் கூசுது.

— நான் என்ன அடுத்தவனா? ஒம் புருஷன்.

— புருஷன்னா கதவத் தட்டிட்டு வரணும். சரி, அன்னிக்கு அத்தை அந்தக் கூடத்துல வெச்சுத்தான் என்னய அவுசாரின்னு சொன்னாங்க. பாத்தீங்களா இல்லயா?

— பாத்தேன்.

— பாத்துட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா? "ஏம்மா அப்புடிச் சொன்ன"ன்னு? ராத்திரி போன் பண்ணி கன்னுக்குட்டி பால் குடிக்குதான்னு கேட்டீங்க.

— கேட்டா கேமரா இருக்கறது தெரிஞ்சு போவும்.

— நல்ல மனசுங்க ஒங்களுக்கு.

— சரி, நான் பண்ணுனது தப்புதான். தப்புதான்னு சொல்லிட்டேன். ஆனா நீ யோக்கியம்னு ஆயிருமா? நான் சொன்ன ஐநூறு அந்தக் கடிகாரந்தான். கடிகாரத்த வித்த சிங்கப்பூர் கடக்காரன் அப்பவே சொன்னான், ஒரு நாளைக்கு இருவது ஜிபிக்கு மேல தின்னும்னு. அதுக்குத்தான் ஆயிரம் ஜிபி பிளானே போட்டேன். அது போவ மீதி? கடிகாரத்துல பாத்தா நீ ஒழுங்காத்தான் இருக்க. போன நோண்டுற, பாடம் நடத்துற, அவ்வளவுதான். அப்ப மீதி ஐநூறு கடிகாரம் பாக்காத எடத்துலதானே போவணும்? படுக்கை ரூம்ல லைட்டும் எரியுது. நான் வேற என்ன நெனைக்கறது?

— அதான் ஒங்க சந்தேகமா? முழுசா அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அந்த மீதிக்கு மட்டும் நீ பதில் சொல்லிட்டின்னா ஞாயித்துக்கெழம யாரும் மீன்சுருட்டிக்கு வர மாட்டாங்க. நானே ஒங்க அப்பாவுக்கு போன் போட்டுப் பேசுறேன்.

— அந்தக் கடிகாரம் வந்த அட்டையில வேகம் ஏதாவது போட்டுருந்துச்சா?

— அட்டைய போட்டோ எடுத்து வெச்சுருக்கேன். இரு. ரெண்டு. ரெண்டு எம்பிபிஎஸ்.

— அத எட்டால வகுங்க.

— கால் எம்பி. நிமிஷத்துக்குப் பதினஞ்சு. மணிக்குத் தொள்ளாயிரம். ஒரு நாளைக்கு இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு ஜிபி. கடக்காரன் சொன்னது சரிதான்.

— இப்ப பாதியில வுட்ட கணக்க முடிங்க. நாலுன்னா?

— அதுல ரெண்டு மடங்கு. நாப்பத்திமூணு.

— ஆயிரம் ஜிபிய ஒரு நாளைக்கு நாப்பத்திமூணுன்னு தின்னா எத்தன நாளைக்கு வரும்?

— இருவத்திமூணு.

— ஒங்களுக்கு மெசேஜ் வந்த தேதி?

— இருவத்திமூணு. ரெண்டு மாசமும் அதே.

— அப்ப ஆயிரமும் இந்த நாலுலயே முடிஞ்சு போச்சு மாமா. நான் போன்ல படிக்கிறது, அத்தை சீரியல் பாக்குறது எல்லாம் இதுல சில்லறைதான். நீங்க அத நாலு எம்பின்னு படிச்சீங்க. கடிகாரம் அவ்வளவு திங்காது, அப்ப அது கீதாதான்னு முடிவு பண்ணிட்டீங்க. அன்னிக்கே எட்டால வகுத்துருந்தா, சரியா ரெண்டு கடிகாரத்துக்கு உண்டான கணக்குன்னு தெரிஞ்சுருக்கும்.

— ரெண்டு கடிகாரமா? என்ன ஒளர்ற?

— இருங்க, போன ஸ்பீக்கர்ல போடுறேன். கடிகாரத்தப் புடுங்குறேன்.

— ம். இங்க கறுப்பாயிருச்சு.

— சந்தோஷம். இப்ப ஆப்பப் பாருங்க. நானும் பாக்குறேன்.

— கொஞ்ச நேரம் ஆவும். மாறட்டும். மூணு... ரெண்டர... ரெண்டு. ரெண்டுல நின்னுருச்சு.

— ரெண்டுதான் இங்கயும். அசையல.

— அப்ப அந்த ரெண்டு நீதானே? உம் போனு?

— என் போன்ல வைபைய அணைச்சுட்டுத்தான் ஒங்ககூட பேசுறேன், சிம்முல. டிவி ஒயரு கடிகாரத்தோட சேந்து என் கையில கெடக்கு. வூட்ல வேற ஆளு இல்ல. எங்கயாவது எனக்கு ஒரு ரகசியம் இருந்தா, அதுகூட இவ்வளவு அளவெடுத்தாப்புல ரெண்டுன்னு நிக்காது மாமா.

— கீதா, இரு. எனக்குப் புரியல.

— எனக்கும் நேத்து புரியல. என்னமோ ஒண்ணுதான்னு நெனச்சேன். நீங்க எத்தன வாங்குனீங்க?

— ஒண்ணு. சத்தியமா ஒண்ணு. எங்க அம்மா மேல சத்தியம்.

— யாரு மூலமாக் குடுத்து வுட்டீங்க?

— அறிவரசன்தான். வேல முடிஞ்சு ஊருக்கு வந்தான்ல, என் ரூம்ல கூட இருந்தவன். செந்துறை பஸ் ஸ்டாண்டுல மொபைல் கட போட்டுருக்கானே. அவனே வந்து மாட்டி, வைபையில சேத்துட்டுப் போனான். ஒனக்குத்தான் தெரியுமே.

— வைபை பாஸ்வேர்டு?

— நாந்தான் குடுத்தேன்.

— என் படுக்கை ரூம்ல ஒரு மணி வரைக்கும் லைட்டு எரியுதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? இப்பவாவது பேரச் சொல்லுங்க மாமா.

— அவன்தான். கடைய அடைச்சுட்டுப் போறப்ப பாத்தேன்னான். ஒம் பொண்டாட்டிய ஒரு கண்ணு பாத்துக்கடான்னு நாந்தான் அவன்கிட்ட சொல்லி வெச்சுருந்தேன்.

— கடிகாரம் கொண்டாந்த அன்னிக்கு அவரு நம்ம படுக்கை ரூமுக்குள்ளயும் போனாரு. கட்டிலுக்கு நேரா செவுத்துல வெள்ளையா ஒரு சார்ஜரச் சொருவுனாரு. "அண்ணன் ஒங்களுக்குன்னே குடுத்து வுட்டுச்சு அண்ணி, அத மட்டும் கழட்டிறாதீங்க, அண்ணன் கோச்சுக்கும்"ன்னாரு. நீங்க ஆசையாக் குடுத்து வுட்டதாச்சேன்னு நானும் இன்னிக்கு வரைக்கும் அதத் தொடச்சு, தொடச்சு வெச்சுருக்கேன். அதப் போய்க் கழட்டட்டா?

— நான் சார்ஜர் எதுவும் குடுத்து வுடல, கீதா.